எண்ணும் அளவையும்



இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரு சிறு கணக்கு. அதில் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் உண்டு, வேறொன்றும் இல்லை. ஏழாம் வகுப்பு மாணவன் அதைப் பிழையின்றிச் செய்துவிடுவான். 35 ஆண்டுகள் கணக்கும் அறிவியலும் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற நான், அந்தக் கணக்கைச் சரிபார்த்துச் சிவப்பு மையால் ‘சரி’ என்று குறியும் இட்டேன். கணக்கில் பிழை இல்லை. ஆயினும், அதை நம்பி வைத்த 12 முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அது ஏன் என்பதைச் சொல்லுவதே இப்பேச்சின் நோக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, கோழி முட்டைகளை அடைகாக்கும் பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்ய விரும்பினாள். ஒரு மரப்பெட்டி, அதனுள் வெப்பம் தர ஒரு மின்விளக்கு, காற்றைச் சுழற்ற ஒரு சிறு விசிறி, வெப்பத்தை அறிய ஓர் உணரி, விளக்கை ஏற்றவும் அணைக்கவும் கட்டளையிட ஒரு மைக்ரோகன்ட்ரோலர். விசிறியுள்ள பெட்டியில் கோழி முட்டைக்கு வேண்டிய வெப்பநிலை, சென்டிகிரேடு அளவையில் 37.5 டிகிரி. ஏறத்தாழ 21 நாட்கள் அவ்வெப்பநிலை மாறாது நிற்கவேண்டும். இரண்டு மூன்று டிகிரி குறைந்து நின்றால், கரு வளரத் தொடங்கியும் முற்றுப்பெறாமல் மடியும்.

மைக்ரோகன்ட்ரோலர் என்பது விரல் நகத்தளவிலும் அடங்கக்கூடிய ஒரு சிறு கணிப்பொறி. துணி துவைக்கும் இயந்திரத்திலும், கடைக்காரரின் மின்தராசிலும், காய்ச்சல் பார்க்கும் எண்முறை வெப்பமானியிலும் அது அமர்ந்து வேலை செய்கிறது. மாணவர்கள் எளிதில் பழகுவதற்கென்று 2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் அர்டுயினோ என்னும் பலகை தோன்றியது. என் பேத்தி வைத்திருந்தது அவ்வகையில் ‘ஊனோ’ என்ற பலகை. அதன் நடுவே அட்மெகா 328பி என்னும் சில்லு இருக்கிறது.

வெப்பத்தை அறிய அவள் வாங்கியது எல்.எம். 35 என்ற உணரி. அதற்கு மூன்று கால்கள். ஒரு காலில் மின்சாரம் கொடுத்து, ஒரு காலைத் தரைமுனையில் இணைத்தால், நடுக்காலில் வெப்பநிலைக்கு ஏற்ற மின்னழுத்தம் தோன்றும். டிகிரி ஒன்றுக்கு 10 மில்லிவோல்ட்டு என்பது அதன் விதி. 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட்டு, 37.5 டிகிரி என்றால் 375 மில்லிவோல்ட்டு. இதைவிட எளிய விதியை நாம் வேண்டமுடியாது.

ஆனால் இங்கே ஓர் இடர் உண்டு. மின்னழுத்தம் ஆற்றுநீர் போல இடையறாது ஏறியும் இறங்கியும் செல்வது. சில்லோ முழு எண்களை மட்டுமே அறியும். ஆகவே அதனுள் ‘அனலாக்–டிஜிட்டல் மாற்றி’ என்று ஓர் உறுப்பை அமைத்திருக்கிறார்கள். அது மின்னழுத்தத்தை அளந்து ஓர் எண்ணாகத் தருகிறது. அது அளக்கும் முறையை விளக்க, நம் ஊர்க் களத்துமேட்டுக்கு உங்களை அழைக்கிறேன்.

என் சிறுவயதில் நெல்லை மரக்காலால் அளப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘ஒன்று’ என்று தொடங்காமல், மங்கலமாக ‘லாபம்’ என்று தொடங்கி, ‘இரண்டு, மூன்று’ என்று பாடிக்கொண்டே அளப்பார்கள். ஒரு குவியல் 100 மரக்கால் என்று முடிந்தது என வையுங்கள். அந்த 100 என்ற எண் எதைக் குறிக்கிறது? நெல்லையா? இல்லை. நெல்லுக்கும் மரக்காலுக்கும் உள்ள விகிதத்தையே குறிக்கிறது. மரக்கால் நூற்றுக்கு எட்டுப் பங்கு சிறியதாயின், உண்மையில் 92 மரக்காலே உள்ள குவியலும் 100 என்று பாடப்படும். அளப்பவன் பொய் சொல்லவில்லை, எண்ணிக்கையிலும் தவறவில்லை. மரக்கால்தான் பொய் சொல்லிற்று. இதனாலன்றோ மரக்காலுக்கும் படிக்கும் அரசு முத்திரை வேண்டுமென்று விதித்தார்கள்!

சில்லினுள் உள்ள மாற்றிக்கும் ஒரு மரக்கால் உண்டு. அதைப் பொறியாளர்கள் ‘ரெஃபரென்ஸ் வோல்ட்டேஜ்’ என்பார்கள். நான் அதை அளவை அழுத்தம் என்று சொல்லுகிறேன். ஊனோ பலகையில் நாம் வேறு எதுவும் கட்டளையிடாவிட்டால், பலகைக்கு வரும் 5 வோல்ட்டு மின்சாரமே அளவை அழுத்தம். அதை 1024 சம கூறுகளாகப் பிரித்து, உணரியின் அழுத்தத்தில் எத்தனை கூறுகள் அடங்குகின்றன என்று மாற்றி பார்க்கிறது. கூறு ஒன்று ஏறத்தாழ 4.88 மில்லிவோல்ட்டு. நம் களத்தில் லாபம் என்று தொடங்குவது போல், இது சூனியம் என்று தொடங்கும். ஆகவே கடைசி எண் 1023.

அளக்கும் வகை தராசுக்கடைக்காரரின் வகையே. 512, 256, 128 என்று பாதி பாதியாகக் குறைந்து 1 வரை செல்லும் பத்து எடைக்கற்களை மனத்தில் கொள்ளுங்கள். மாற்றி முதலில் 512ஐத் தட்டில் வைத்துப் பார்க்கும், மிகுதியாயின் எடுத்துவிடும், குறைவாயின் அப்படியே விட்டு அடுத்த கல்லைச் சேர்க்கும். பத்துக் கற்களையும் இவ்வாறு பார்த்து முடித்தால் விடை கிடைத்துவிடும். 83 என்ற விடை வரவேண்டுமானால், 64, 16, 2, 1 ஆகிய கற்கள் தட்டில் நிற்கும். இத்தனையும் ஊனோ பலகையில் ஏறத்தாழ 100 மைக்ரோ வினாடியில், அதாவது ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது.

இனிக் கணக்கு. மாற்றி தந்த எண்ணை அளவை அழுத்தத்தால் பெருக்கி 1024ஆல் வகுத்தால், உணரியின் மின்னழுத்தம் கிடைக்கும். அதை மில்லிவோல்ட்டில் கொண்டு 10ஆல் வகுத்தால் வெப்பநிலை. இவ்வளவே நான் முதலில் குறிப்பிட்ட கணக்கு.

இதைக் கணிப்பொறி மொழியில் எழுதும்போது பேத்திக்கு முதல் தடை நேர்ந்தது. கூடத்து மேசையில், வெப்பமானி 30 டிகிரி காட்டிய ஒரு மாலையில், மாற்றி தந்த எண் 61. அதை அவள் முதலில் 1024ஆல் வகுத்து, பின்னர் 5ஆல் பெருக்கும்படி எழுதினாள். திரையில் தோன்றியது சூனியம். முழு எண்களைக் கொண்டு வகுக்கும்போது அம்மொழி பின்னத்தை எறிந்துவிடும் என்பதே காரணம். 61க்குள் 1024 ஒரு முறையும் அடங்காதாகையால் ஈவு சூனியம். சூனியத்தை எதனால் பெருக்கினும் சூனியம். “முதலில் பெருக்கு, பிறகு வகு” என்றேன். நாம் பள்ளியில் பின்னம் குலையாமல் இருக்கச் சொல்லிக்கொடுக்கும் அதே முறை.

அவள் 61ஐ 5000 மில்லிவோல்ட்டால் பெருக்கும்படி எழுதினாள். இப்போது திரை, உறைநிலைக்குக் கீழே 2 டிகிரி என்றது! நம் ஊர்க் கூடத்தில் பனி உறைவதைக் கண்டு நாங்கள் இருவரும் சிரித்தோம். பெருக்குத்தொகை 305000. ஊனோவில் சாதாரண முழு எண் ஒன்றுக்கு ஒதுக்கிய இடத்தில் 32767க்கு மேற்பட்ட எண் கொள்ளாது. சிறு பாத்திரத்தில் பெருநீரை ஊற்றியது போல அது வழிந்து, எஞ்சியது குறை எண்ணாகத் தோன்றியது. ‘லாங்’ என்னும் பெரிய இடத்தை ஒதுக்கச் சொன்ன பிறகு, 297 மில்லிவோல்ட்டு, அதாவது 29.7 டிகிரி என்று திரை காட்டியது. பக்கத்தில் இருந்த என் பாதரச வெப்பமானியோடு அது பெரிதும் ஒத்தது. எங்களுக்கு மகிழ்ச்சி.

அதன் பின் ஒரு விவாதம் எழுந்தது. வகுக்கவேண்டியது 1024ஆலா, 1023ஆலா? கடைசி எண் 1023 ஆகையால் அதனால்தான் வகுக்கவேண்டும் என்றாள் பேத்தி. அர்டுயினோவின் பாட எடுத்துக்காட்டிலும் அவ்வாறே இருந்தது. சில்லைச் செய்தவர்களின் கையேடோ 1024 என்கிறது. 1023 என்ற எண், அளவை அழுத்தத்துக்கு ஒரு கூறு குறைந்த நிலையைக் குறிக்கும் என்பது அதன் விளக்கம். நான் கையேட்டின் பக்கம் நின்றேன். இரண்டு மாலைப்பொழுதுகள் இதில் கழிந்தன. கடைசியில் நானே வென்றேன். கணக்கின் கீழே ‘சரி’ என்று குறியிட்டது அப்போதுதான்.

பெட்டி தயாராயிற்று. எங்கள் தெருவில் கோழி வளர்க்கும் மூதாட்டி ஒருவர், விற்பதற்கென்று வைத்திருந்த முட்டைகளில் 12ஐப் பேத்திக்குக் கொடுத்தார். பணம் கொடுத்தும் வாங்கிக்கொள்ளவில்லை. குஞ்சு பொரித்தால் இரண்டைத் தரும்படி மட்டும் கேட்டார். பெட்டியைக் கூடத்து மேசையிலிருந்து பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். அங்கே கணிப்பொறி இல்லை. ஆகவே ஒரு பழைய கைப்பேசி மின்னேற்றியிலிருந்து, நீண்டு மெலிந்த கம்பி ஒன்றின் வழியாகப் பலகைக்கு மின்சாரம் கொடுத்தோம். திரை 37.5 டிகிரி என்று காட்டியது. விளக்கு எரிவதும் அணைவதுமாக அந்த எண்ணைக் காத்து நின்றது. வெப்பமானியை உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்த மூதாட்டி வந்தார். முட்டை ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “ஐயா, சூடு போதாது போலிருக்கிறதே! கோழி வயிற்றுக்கு அடியில் இருக்கிற முட்டை இப்படி இருக்காது” என்றார்.

“திரையைப் பாருங்கள், அம்மா. முப்பத்தேழரை என்று காட்டுகிறது” என்றேன் நான்.

“உங்களுக்குத் தெரியாததா!” என்று சொல்லிவிட்டு முட்டையைப் பெட்டியில் வைத்துப் போய்விட்டார்.

21 நாட்கள் கழிந்தன. 25 நாட்களும் கழிந்தன. ஓட்டில் ஒரு கீறலும் இல்லை. உடைத்துப் பார்த்தபோது, பலவற்றில் கரு தொடங்கி, இடையிலே நின்றுபோயிருந்தது. பேத்தி அன்று உணவு கொள்ளவில்லை. மூதாட்டியிடம் சென்று சொல்லவேண்டிய கடமை எனக்கு வாய்த்தது. அவர் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்கு அதிகமாக வருத்தியது.

வீடு திரும்பியதும், அலமாரியில் இருந்த வெப்பமானியை எடுத்துப் பெட்டியினுள் வைத்தேன். திரையில் 37.5, பாதரசத்திலோ 34.5. மூன்று டிகிரி வேற்றுமை! மேசைமேல் ஒத்திருந்த இரண்டும் தாழ்வாரத்தில் ஏன் பிரிந்தன? மல்டிமீட்டரைக் கொண்டு பலகையின் 5 வோல்ட்டு முனையை அளந்தேன். அங்கே இருந்தது 5 அன்று, 4.6. பழைய மின்னேற்றியும் மெலிந்த கம்பியும் சேர்ந்து வழியிலேயே எஞ்சியதை விழுங்கியிருந்தன. கணிப்பொறியிலிருந்து மின்சாரம் வந்தபோது முழு 5 வோல்ட்டு இருந்தது. ஆகவே அன்று கணக்கு ஒத்தது.

இப்போது களத்துமேட்டை நினைவுகூருங்கள். 4.6 என்பது 5இல் நூற்றுக்கு 92 பங்கு. மரக்கால் நூற்றுக்கு எட்டுப் பங்கு சுருங்கிவிட்டது. பெட்டி உண்மையில் 37.5 டிகிரிக்கு வந்திருந்தால், உணரி 375 மில்லிவோல்ட்டு தந்திருக்கும். முழு அளவையில் அது 76 கூறு. சுருங்கிய அளவையிலோ 83. அந்த 83ஐ, அளவை 5 வோல்ட்டு என்றே நம்பிய எங்கள் கணக்கு 40.5 டிகிரி என்று படித்திருக்கும். அதனால் சில்லு அவ்வளவு வெப்பத்துக்கு இடமே கொடாமல், 34.5இலேயே விளக்கை அணைத்துவந்தது. சில்லு கடமை தவறவில்லை. உணரி தவறவில்லை. பெருக்கலும் வகுத்தலும் தவறவில்லை. ‘5’ என்று நாங்கள் எழுதிவைத்த ஓர் எண்ணை, எழுதிய பின் யாரும் அளந்து பார்க்கவில்லை.

நான் இரண்டு மாலைகள் வாதிட்டு வென்ற 1024க்கும் 1023க்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு தெரியுமா? எங்கள் பெட்டியில் அது ஒரு டிகிரியில் நூற்றில் நான்கு பங்கு. கவனியாது விட்டதோ மூன்று டிகிரி. காசுக்குக் கணக்குப் பார்த்து ரூபாயைத் தெருவில் விட்டவன் கதை என் கதை. இன்னொன்றும் கண்டேன். திரை சூனியம் என்றபோதும், உறைநிலைக்குக் கீழே என்றபோதும் பிழை உடனே எங்களுக்குத் தெரிந்தது. 37.5 என்று நாங்கள் விரும்பிய எண்ணையே அது காட்டியபோது, அதைச் சந்தேகிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பரிகாரம் கடினமன்று. அட்மெகா 328பி சில்லினுள்ளேயே 1.1 வோல்ட்டு அளவை ஒன்று அமைந்திருக்கிறது. வெளியே மின்சாரம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் அது அசையாது. ‘இனி அதைக் கொண்டு அள’ என்று ஒரு வரியில் கட்டளையிடலாம். அதையும் பெயரளவில் நம்பிவிடலாகாது. சில்லுக்குச் சில்லு அது 1.0 முதல் 1.2 வரை வேறுபடலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. ஆகவே ‘ஏரெஃப்’ என்னும் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். எங்கள் சில்லில் அது 1.08 வோல்ட்டு. அந்த எண்ணையே கணக்கில் இட்டோம்.

இதனால் வேறொரு நன்மையும் விளைந்தது. 5 வோல்ட்டை 1024 கூறாக்கியபோது ஒரு கூறு ஏறத்தாழ அரை டிகிரி; 1.08 வோல்ட்டைக் கூறாக்கும்போது ஒரு கூறு ஏறத்தாழ டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. சிறிய பொருளை அளக்கச் சிறிய படி வேண்டும் என்பது பழைய பாடம். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அளவையை மிஞ்சிய அழுத்தம் வந்தால், அது எவ்வளவாயினும் மாற்றி 1023 என்றே சொல்லும். எங்கள் உணரி 100 டிகிரியிலும் 1 வோல்ட்டையே தருமாகையால், எங்களுக்கு அந்த அச்சம் இல்லை. அளவையை மாற்றியவுடன் வரும் முதல் எண்ணை நம்பாது விடுவதும், பதினாறு முறை அளந்து சராசரி காண்பதும் நல்ல பழக்கங்கள். இரண்டையும் பேத்தி சேர்த்துக்கொண்டாள்.

பலகைக்குப் பலகை மரக்கால் வேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற பலகையில் வழக்கமான அளவை 3.3 வோல்ட்டு, கூறுகள் 4096. ஒரு பலகைக்கு எழுதிய கணக்கை மற்றொன்றுக்கு அப்படியே பெயர்த்து எழுதினால், விடை வரும், மெய் வராது.

அளவை சுருங்கினாலும் கேடில்லாத இடமும் உண்டு. திருகி நிறுத்தும் மின்தடை ஒன்றை, வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்றதை, அதே 5 வோல்ட்டு முனையிலிருந்து ஊட்டி, அதன் நடுமுனையை அளந்தால், மின்சாரம் குறையும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் குறையும். நெல்லும் மரக்காலும் சேர்ந்து சுருங்கினால் எண்ணிக்கை மாறாதன்றோ? அங்கே குமிழ் நிற்கும் இடம் தெரிந்தால் போதும். வோல்ட்டாக மாற்றவும் வேண்டுவதில்லை. எல்.எம். 35 அப்படிப்பட்டதன்று. அது தன் ஊட்டத்தைப் பாராமல், வெப்பத்துக்கு ஏற்ற அழுத்தத்தையே தரும். ஆகவே உணரி எவ்வகை என்று அறிந்த பின்பே கணக்கில் இறங்கவேண்டும்.

பேத்தி பெட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டினாள். ‘அளவை அழுத்தம் 1.08 வோல்ட்டு’ என்றும், அளந்த நாளும் அதில் எழுதியிருந்தாள். முத்திரையிட்ட மரக்கால் என்று நான் சொன்னேன். இம்முறை வெப்பமானி அலமாரியில் இல்லை, பெட்டியினுள்ளேயே நின்றது. மூதாட்டி மறுபடியும் 12 முட்டைகள் தந்தார். சில நாட்கள் கழித்து வந்து, ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். இந்தத் தடவை நான் திரையைக் காட்டவில்லை. அவர் என்ன சொல்லுவார் என்று காத்திருந்தேன். “இப்போது சரி, ஐயா” என்றார். என் சிவப்பு மையைவிட அந்தச் ‘சரி’ எனக்குப் பெரிதாகப் பட்டது. 21ஆம் நாள் முதல் குஞ்சு ஓட்டைக் கொத்தியது. மறுநாள் மாலைக்குள் ஒன்பது குஞ்சுகள். அவற்றில் இரண்டு இப்போது மூதாட்டியின் முற்றத்தில் மேய்கின்றன.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில், கணக்குப் பாடம் நடத்தும் முறையில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு கற்பித்தார்கள். கரும்பலகையின் மேற்புறத்தில் ‘கொடுக்கப்பட்டவை’ என்று எழுதி, அதன்கீழ் எண்களை வரிசைப்படுத்தி, பிறகே வழியும் விடையும். அவ்வொழுங்கை ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நானும் கற்பித்தேன். கொடுக்கப்பட்டவை மெய்தாமா என்று எந்த மாணவனையும் நான் கேட்டதில்லை. பாடநூலில் அது கேட்கத்தக்க கேள்வியும் அன்று. ஆனால் பாடநூலுக்கு வெளியே, கொடுக்கப்பட்டதை யாரோ ஒருவர் அளந்திருக்க வேண்டும். அளந்த பின் அது மாறாமலும் இருக்கவேண்டும்.

இன்று பள்ளிகளில் பிள்ளைகள் இத்தகைய பலகைகளை ஆர்வத்தோடு எடுத்துப் பழகுகிறார்கள். கிணற்று நீர்மட்டம், வயலின் ஈரம், அறையின் வெப்பம் என்று எதையெல்லாமோ அளக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. பிள்ளை ஓர் எண்ணைக் கொண்டுவந்து காட்டினால், கணக்கைப் பார்ப்பதற்கு முன் “எந்தப் படியால் அளந்தாய்? அந்தப் படியை என்று அளந்தாய்?” என்று கேளுங்கள். அப்போது அருகில் யாரேனும் முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சூடு போதாது என்று சொன்னால், திரையைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடாதீர்கள்.